சோப் ஹேண்ட்லர் முகவரியை மாத்துது, ஆனா செய்தி பழைய சர்வருக்கே போகுது (ஜாவா 8-லேருந்து 17)

மழைக்காலத் தவளை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ரெண்டு நாளா மண்டை காயுது, யாராவது கை கொடுங்க.

எங்க அப்ளிகேஷன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோட சோப் (எக்ஸ்எம்எல் செய்தி அனுப்பிப் பேசுற முறை) சர்வீஸைக் கூப்பிடுது. அவங்க பாலிசிகளைப் பழைய சர்வர்லேருந்து புதுசுக்குக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துறாங்க. பாலிசி எண் 7-ல ஆரம்பிச்சா புதுசு, மத்ததெல்லாம் பழசு. ஒரே டபிள்யூஎஸ்டிஎல் (சர்வீஸை விவரிக்கிற கோப்பு), ஒரே ஆபரேஷன், முகவரி மட்டும் ரெண்டு.

எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர் இதை ஒரு சோப்ஹேண்ட்லர்ல (செய்தி போற வழியில ஓடுற கோடு) முடிச்சு வெச்சிருந்தார். ஹேண்டில்மெசேஜுக்குள்ள, வெளிய போற செய்திதானானு பார்த்து, பாடியில பாலிசி எண்ணைப் படிச்சு, எண்ட்பாயிண்ட் அட்ரஸ் ப்ராப்பர்ட்டியில புது முகவரியைப் போட்டுட்டு ட்ரூ திருப்புவார். மொத்தமே நாற்பது வரி. ஜாவா 8-ல ரெண்டு வருஷம் சத்தமில்லாம ஓடுச்சு.

போன வாரம் ஜாவா 17-க்கு மாத்தினோம். கம்பைல் ஆச்சு, டெஸ்ட் எல்லாம் பச்சை. ஸ்டேஜிங்ல (ஒத்திகை பார்க்கிற இடத்துல) போட்டா 7-ல ஆரம்பிக்கிற ஒவ்வொண்ணுக்கும் "பாலிசி இல்லை"னு ஃபால்ட் வருது. ஹேண்ட்லர் ஓடவே இல்லையோனு பார்த்தா, ஓடுது. லாக்ல "புது முகவரிக்கு அனுப்புகிறேன்"னு அழகா வரி விழுது. ஆனா அந்தப் பக்கம் கேட்டா, செய்தி வந்து சேர்ந்தது பழைய சர்வர்லதானாம். எக்செப்ஷன்னு ஒண்ணுகூட இல்ல.

பழையபாக்கம்

தம்பி, முதல்ல ஒரு கேள்வி. ஜாவா 17-க்கு வந்த பிறகு ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (ஜாவாவுல சோப் பேசறதுக்கான வசதி) உனக்கு எங்கேருந்து வருது? எந்தெந்த நூலகம் வேணும்னு எழுதியிருக்கிற பாம் (pom.xml) கோப்பைத் திறந்து பாரு.

ஜாவா 6-லேருந்து 10 வரைக்கும் அது ஜேடிகே (ஜாவாவோட அடிப்படைத் தொகுப்பு) கூடவே வந்தது. 9-ல ஓரங்கட்டினாங்க, 2018-ல வந்த 11-ல தூக்கியே எறிஞ்சுட்டாங்க. அதனால உங்க டீம்ல யாரோ ஒருத்தர் வேற ஒரு ஜாரை, அதாவது நூலகக் கோப்பை, சேர்த்திருக்கணும், இல்லேன்னா கம்பைலே ஆகியிருக்காது. சேர்த்தது எதுன்னு சொல்லு, மிச்சத்தை நான் சொல்றேன்.

இன்னொண்ணு. அந்த லாக் வரியை நம்பாதே. அது நீ எங்கே அனுப்ப நினைச்சேங்கறதை அச்சடிக்குது, அவ்வளவுதான். செய்தி எங்கே போச்சுனு பார்க்க டிசிபிடம்ப் (நெட்வொர்க்ல போறதைக் காட்டுற கருவி) போடு. டிஎல்எஸ் (மறையாக்கம்) இருந்தா உள்ளே என்ன இருக்குனு தெரியாது, ஆனா எந்த ஐபிக்குப் போகுதுனு தெரியும். உனக்கு அது போதும்.

மழைக்காலத் தவளை

அண்ணே, சிஎக்ஸ்எஃப் (ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸோட இன்னொரு இம்ப்ளிமெண்டேஷன்) 3.5 இருக்கு. டிசிபிடம்ப் போட்டேன், நீங்க சொன்ன மாதிரியேதான்: லாக்ல புது முகவரி, வயர்ல பழைய ஐபி. பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு.

பழையபாக்கம்

நினைச்சேன்.

ஜேடிகே கூட வந்தது ரெஃபரன்ஸ் இம்ப்ளிமெண்டேஷன். அதுல முகவரி செய்திப் பொட்டலத்தோட சேர்ந்தே பயணிக்கும். ஹேண்ட்லரெல்லாம் முடிஞ்சு கடைசியா எச்டிடிபி குழாய்கிட்ட வரும்போதுதான் "எங்கே போகணும்"னு அது கேக்கும். நடுவுல நீ மாத்தினா மாறிடும்.

சிஎக்ஸ்எஃப்-ல கதை வேற. வெளிய போற செய்தி வரிசையா பல கட்டங்களைத் தாண்டும்: ஸெட்அப், ப்ரீ-லாஜிக்கல், யூஸர்-லாஜிக்கல், போஸ்ட்-லாஜிக்கல், அப்புறம் ப்ரிப்பேர்-ஸெண்ட். இந்தக் கடைசிக் கட்டத்துலதான் கண்டூயிட் (செய்தியை வெளிய அனுப்புற பகுதி) முகவரியை எடுத்துக் கனெக்ஷனைத் தயார் பண்ணும். ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஹேண்ட்லர்கள், லாஜிக்கல் ஆனாலும் சரி சோப் ஆனாலும் சரி, ஓடுறது அதுக்கும் பின்னாடி. பஸ் டிப்போவை விட்டுக் கிளம்பின பிறகு நீ போர்டை மாத்தி மாட்டுறே. போர்டு மாறும். பஸ் பழைய ரூட்லதான் போகும்.

உன் டெஸ்ட் ஏன் பச்சைனு கேட்டியே (கேக்கலைனாலும் சொல்றேன்). போலி கான்டெக்ஸ்ட் ஒண்ணைக் கொடுத்து, ஹேண்ட்லர் அதுல முகவரியைப் போடுச்சானு மட்டும் பார்த்திருப்பீங்க. அது போட்டுடுச்சு. அதுக்கப்புறம் அதை யாராவது படிக்கிறாங்களானு டெஸ்ட் பார்க்கலை.

யாழ்நிரலி

பழையபாக்கம் அண்ணை சொன்னது சரி. இதே குழியில நானும் விழுந்து எழும்பினவள். ஹேண்ட்லரை விட்டிட்டு சிஎக்ஸ்எஃப் இன்டர்செப்டர் (நீங்கள் சொல்லுற கட்டத்தில ஓடுற கோடு) ஒண்டு எழுதுங்கோ.

அப்ஸ்ட்ராக்ட்-ஃபேஸ்-இன்டர்செப்டரை நீட்டி, கன்ஸ்ட்ரக்டரில கட்டத்தை ஸெட்அப் எண்டு குடுங்கோ. ஹேண்டில்மெசேஜுக்குள்ள செய்தியில எண்ட்பாயிண்ட் அட்ரஸ் எண்ட சாவிக்குப் புது முகவரியைப் போடுங்கோ. பிறகு கிளையண்ட் ப்ராக்ஸியிட்ட இருந்து கிளையண்டை எடுத்து, அதின்ர அவுட் இன்டர்செப்டர் பட்டியலில உங்கட இன்டர்செப்டரைச் சேர்த்தால் சரி.

ஒரு விசயம் கவனம். அந்தக் கட்டத்தில எக்ஸ்எம்எல் எண்டு ஒண்டும் கிடையாது, இன்னும் எழுதப்படேல்லை. பாடியைப் படிக்க ஏலாது. மெத்தடுக்கு நீங்கள் குடுத்த ஜாவா ஆப்ஜெக்டுகள்தான் ஒரு லிஸ்டாய்க் கிடக்கும். பாலிசி எண்ணை அதில இருந்து எடுக்கவேணும்.

மழைக்காலத் தவளை

நன்றி அக்கா. செஞ்சு பார்த்தேன், பாதிக் கிணறு தாண்டியாச்சு. நம்ம ஆபரேஷனுக்கு மூணு அளவுரு: ஏஜென்ட் குறியீடு, பாலிசி எண், தேதி. லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கிறதை எடுத்தேன். இண்டெக்ஸ் எல்லை தாண்டிடுச்சுனு எக்செப்ஷன். டீபக் போட்டு நிறுத்தினா லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் நான் எழுதாத ஒரு கிளாஸ். மூணு எங்கே போச்சு?

யாழ்நிரலி

எந்தக் கட்டம் குடுத்தனீங்கள்? யூஸர்-லாஜிக்கல் எண்டுதானே?

மழைக்காலத் தவளை

ஆமாக்கா 🙈 பேரைப் பார்த்துட்டு, யூஸர் எழுதுறதுக்குத்தானேனு போட்டுட்டேன்.

யாழ்நிரலி

அதுதான். டாக்குமெண்ட்-லிட்டரல்-ராப்ட் வகை சர்வீஸ் எண்டால், ப்ரீ-லாஜிக்கல் கட்டத்தில ஒரு இன்டர்செப்டர் உங்கட மூண்டு அளவுருவையும் ஒரு பொட்டலமாய்க் கட்டிப்போடும். ஆபரேஷனின்ர பேரில வாற ராப்பர் கிளாஸ் அது. நீங்கள் பாக்கேக்கை கட்டி முடிஞ்சுது. ஸெட்அப்பில நிண்டு பாத்தால் மூண்டும் தனித்தனியாய்க் கிடக்கும்.

ராப்பரைப் பிரிச்சும் எடுக்கலாம்தான், ஏன் வீண் கரைச்சல்.

மழைக்காலத் தவளை

ஸெட்அப்னு மாத்தினேன். போகுது! டிசிபிடம்ப்ல புது ஐபி. இன்னொரு லாபமும் கண்ணுல பட்டுது. பழைய ஹேண்ட்லர் பாடியைப் படிக்கணும்னு முழு செய்தியையும் மெமரியில மரமா கட்டிக்கிட்டு இருந்திருக்கு. ஸ்கேன் பண்ணின படிவமெல்லாம் பேஸ்64-ஆ உள்ளேயே வர்ற செய்தி அது. இப்போ அந்தச் சுமை இல்ல.

நெட்வொர்க் நாயகம்

எல்லாம் சரி, ஆனா எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. செய்தி எந்த சர்வருக்குப் போகணும்ங்கறது அப்ளிகேஷன் கோடோட வேலையா? முன்னாடி ஒரு என்ஜின்எக்ஸ் (நடுவுல நிக்கிற ப்ராக்ஸி சர்வர்) வெச்சு அங்கே திருப்பினா இந்தக் கூத்தே வேண்டாமே. நாளைக்கு 7 மட்டுமில்ல 6-ம் புது சர்வருக்குப் போகணும்னா, நீ மறுபடி ஜார் கட்டி டெப்ளாய் பண்ணுவே. நான் ஒரு வரி மாத்தி ரீலோட் பண்ணுவேன்.

பழையபாக்கம்

நாயகம் சார், எதை வெச்சுத் திருப்புவீங்க? சோப் 1.1-ல சோப்ஆக்ஷன்னு ஒரு எச்டிடிபி ஹெடர் இருக்கு, அதை என்ஜின்எக்ஸ் மேப் பார்க்கும். 1.2-ல அதுவே கன்டென்ட்-டைப்புக்குள்ள ஒரு துண்டா ஒளிஞ்சிருக்கும், ரெகெக்ஸ் போட்டுப் பிடிக்கலாம். ஆனா தவளைக்கு ஆபரேஷன் ஒண்ணேதான். பிரிக்கிறது பாலிசி எண்ணு, அது எக்ஸ்எம்எல் வயித்துக்குள்ள இருக்கு. அதைப் பார்க்க என்ஜின்எக்ஸ்ல லுவாவோ ஜாவாஸ்கிரிப்டோ செருகணும். அப்புறம் அதுவும் கோடுதான். என்ன, அதை யாரும் டெஸ்ட் எழுதிப் பார்க்க மாட்டாங்க.

நெட்வொர்க் நாயகம்

வயித்துக்குள்ள கை விடச் சொல்லலை. அந்த ஸெட்அப் இன்டர்செப்டர்லேயே பாலிசியோட முதல் இலக்கத்தை ஒரு எச்டிடிபி ஹெடரா எழுதி அனுப்பட்டும். முகவரி ஒண்ணே ஒண்ணு, என் ப்ராக்ஸிதான். நான் ஹெடரைப் பார்த்துப் பிரிச்சு விடறேன். அப்ளிகேஷனுக்கு சர்வர் எத்தனைனே தெரிய வேண்டாம்.

பழையபாக்கம்

இது நல்ல யோசனை, மறுக்கலை. தவளை, முடிஞ்சா இதைப் பண்ணு.

மழைக்காலத் தவளை

நல்லாத்தான் இருக்கு நாயகம் சார். ஆனா எங்க இடத்துல ப்ராக்ஸி வேணும்னா டிக்கெட் போட்டு, அது மூணு கை மாறி, கேள்வித்தாள் நிரப்பி, மூணு வாரம் ஆகும். கோடுன்னா இன்னைக்கு சாயங்காலம். இந்த ஊர்ல பாதி ஆர்க்கிடெக்சர் இப்படித்தான் முடிவாகுது.

டாட்நெட் தாசன்

ஜாவாக்காரங்க கச்சேரியில நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். தவளை, உங்க சர்வீஸ்ல டபிள்யூஎஸ்-அட்ரசிங் (சோப் ஹெடருக்குள்ளேயே முகவரி எழுதுற முறை) இருக்கா? இருந்தா இன்னொரு குழி இருக்கு.

நாங்க டபிள்யூசிஎஃப்-ல (டாட்நெட்டோட சர்வீஸ் ஃப்ரேம்வொர்க்) இதே வேலையைச் செஞ்சோம். செய்தி புது சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. அது வாங்கிப் பார்த்துட்டு "அட்ரஸ்ஃபில்டர் பொருந்தலை"னு மூஞ்சியிலயே தூக்கி எறிஞ்சது. ஏன்னா சோப் ஹெடர்ல 'டு'-ன்னு ஒரு வரி இருக்கும், அதுல பழைய முகவரியே இருந்தது. தபால்காரரை நீங்க வேற தெருவுக்கு அனுப்பிட்டீங்க, ஆனா கவர் மேல எழுதியிருக்கிறது பக்கத்துத் தெரு விலாசம். வீட்டுக்காரர் "இது எனக்கு வந்தது இல்ல"னு திருப்பித் தர்றார். நியாயம்தானே.

டபிள்யூசிஎஃப்-ல இந்த ரெண்டையும் பிரிச்சே வெச்சிருக்காங்க: 'டு' ஒண்ணு, 'வயா' ஒண்ணு. கிளையண்ட்வயா பிஹேவியர் போட்டா கவர் மேல ஒரு விலாசம், போற வழி வேற. சர்வர் நம்ம கையில இருந்தா அட்ரஸ்ஃபில்டர்மோடை 'எனி' (எதுவானாலும் சரி)னு வெச்சுடலாம். நாங்க அவசரத்துக்கு அதைத்தான் பண்ணினோம். அவசரம் முடிஞ்சும் மாத்தலை, அது வேற விஷயம்.

கூடவே ஒண்ணு. மெசேஜ் இன்ஸ்பெக்டர்ல பாடியைப் படிச்சுட்டு அப்படியே விட்டா, அடுத்து படிக்கிறவருக்கு ஒண்ணும் மிஞ்சாது. டபிள்யூசிஎஃப் செய்தி ஒரு தடவைதான் படிக்கக் கிடைக்கும். கிரியேட்-பஃபர்ட்-காப்பி எடுத்து ஒண்ணைப் படிச்சு, இன்னொண்ணை ரிக்வெஸ்ட் இடத்துல திருப்பி வைக்கணும். இதை மறந்த நாள் எனக்கு ராத்திரிச் சாப்பாடு ஆபீஸ்லதான்.

யாழ்நிரலி

தாசன் சொன்னது சிஎக்ஸ்எஃப்-க்கும் பொருந்தும். அட்ரசிங் போட்டிருந்தால் அந்த 'டு'-வை ப்ரீ-லாஜிக்கல் கட்டத்தில வாற இன்டர்செப்டர்தான் நிரப்பும், நிரப்பேக்கை எண்ட்பாயிண்ட் அட்ரஸைத்தான் பாக்கும். ஸெட்அப்பிலயே மாத்திட்டால் கவரிலயும் புது விலாசம்தான் விழும். யூஸர்-லாஜிக்கலில மாத்தியிருந்தால் வழி புதுசு, விலாசம் பழசு. தம்பி பிழைச்சிட்டார்.

இன்னொண்டு, செய்திக்குக் கையொப்பம் வைக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. கையொப்பம் வைச்ச பிறகு ஒரு எழுத்தைக் கூடத் தொடக்கூடாது. எங்கட இடத்தில ஒரு பொடியன் லாக்கில வடிவாய்த் தெரியட்டும் எண்டு, ப்ரொடக்ஷனில போற எக்ஸ்எம்எல்லையே இடம் விட்டு அடுக்கி, அதையே அனுப்புற மாதிரி எழுதிவிட்டான். எக்ஸ்எம்எல்லைச் சீர்ப்படுத்திற முறை வெற்றிடத்தையும் எண்ணிக்கையில சேர்க்கும். டைஜஸ்ட் (செய்தியில இருந்து கணக்கிட்ட சுருக்கம்) பொருந்தேல்லை எண்டு மறுபக்கம் எல்லாத்தையும் தள்ளிவிட்டுது. சாவி பிழை, சான்றிதழ் பிழை எண்டு ஒரு கிழமை தேடினம். காரணம் ரெண்டு ஸ்பேஸ்.

பின்வரிசை

எனக்கொரு சின்ன சந்தேகம். இவ்வளவு எதுக்கு? கூப்பிடறதுக்கு முன்னாடி பைண்டிங் ப்ரொவைடர்கிட்ட ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட் வாங்கி, அதுல முகவரியை மாத்திட்டுக் கூப்பிட்டா போதாதா? ஸ்டாண்டர்ட் வழியே அதுதானே.

பழையபாக்கம்

போதும், ஒரே ஒரு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலைகள்ல ஒண்ணு) இருந்தா.

போர்ட்டை (சர்வீஸைக் கூப்பிடற ப்ராக்ஸி ஆப்ஜெக்டை) ஒரு தடவை உருவாக்கிட்டு எல்லா த்ரெட்டும் பகிர்ந்துக்கிறது வழக்கம், ஏன்னா உருவாக்கறதுக்கு நேரம் பிடிக்கும். அந்த ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட் எல்லாருக்கும் பொது. நீ புது முகவரியைப் போட்டுட்டு மூச்சு விடறதுக்குள்ள பக்கத்து த்ரெட் பழசைப் போடும். உன் 7-ம் நம்பர் பாலிசி பழைய சர்வர் வாசல்ல நிக்கும். இது டெஸ்ட்ல வராது. மாசக் கடைசி கூட்டத்துலதான் வரும். சிஎக்ஸ்எஃப்-ல த்ரெட்-லோக்கல் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட்னு ஒரு சாவியை ட்ரூனு வெச்சா தப்பிக்கலாம். இன்டர்செப்டர்ல அந்தத் தலைவலியே இல்ல, ஒவ்வொரு கூப்பிடலுக்கும் செய்தி ஆப்ஜெக்ட் தனி.

பின்வரிசை

அப்போ ஹேண்ட்லர்னாலே தண்டமா?

பழையபாக்கம்

யார் சொன்னா? ஹெடர் சேர்க்க, டோக்கன் வைக்க, எவ்வளவு நேரமாச்சுனு அளக்க அதுதான் சரியான இடம். எந்த இம்ப்ளிமெண்டேஷனுக்குப் போனாலும் ஓடும். கிளையண்ட் பக்கம் ஃபால்ஸ் திருப்பினா செய்தி வெளியவே போகாது, அங்கேயே திரும்பி ரெஸ்பான்ஸா மேல வரும். டெஸ்ட்ல போலி பதில் கொடுக்க நான் அதைத்தான் வெச்சிருக்கேன். வழி மாத்தறதுக்கு மட்டும் அதை நம்பாதேங்கறேன்.

டாட்நெட் தாசன்

வழி மாத்தறதுனு வந்துட்டதால, எங்க பழைய கம்பெனியில நடந்ததைச் சொல்லிடறேன். ஒரு புத்திசாலி (நான்தான்) "முதல் சர்வர் 10 வினாடியில பதில் தரலைன்னா ரெண்டாவதுக்குத் திருப்பு"னு எழுதி வெச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு நாள் முதல் சர்வர் மெதுவாச்சு. சாகலை, மெதுவா வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது. 12-வது வினாடியில பணம் பிடிச்சது. அதுக்குள்ள ரெண்டாவது சர்வரும் பிடிச்சது. ரெண்டுக்கும் பின்னாடி ஒரே பேங்க் கணக்கு.

கனெக்ஷனே கிடைக்கலைன்னா தாராளமா திருப்புங்க. செய்தி போய், பதில் மட்டும் வரலைன்னா கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க.

யாழ்நிரலி

ஜாவாவில இது இன்னும் வழுக்கும். கனெக்ட் பண்ண ஏலாததும் ஐஓஎக்செப்ஷன், பதிலுக்குக் காத்து டைம்அவுட் ஆகிறதும் ஐஓஎக்செப்ஷன் குடும்பம்தான். ஐஓஎக்செப்ஷன் எண்டு மொத்தமாய்ப் பிடிச்சுத் திருப்பினால் தாசனுக்கு வந்த வினை உங்களுக்கும் வரும்.

நெட்வொர்க் நாயகம்

செக்யூரிட்டி பத்தி யாரும் வாயே திறக்கலையே. முகவரி மாறினாலும் கண்டூயிட்டோட அமைப்பு அதேதான். யூஸர் நேம், பாஸ்வேர்ட், கிளையண்ட் சான்றிதழ் எல்லாமே புது முகவரிக்கும் போகும். அதனால முகவரியைச் செய்தியிலிருந்தோ டேட்டாபேஸ்லேருந்தோ எடுத்து அப்படியே போடாதீங்க. கான்ஃபிக்ல ரெண்டு முகவரி, ரெண்டுல ஒண்ணு, மூணாவதா எது வந்தாலும் எக்செப்ஷன். சான்றிதழ்ல பேர் பொருந்தலைனு வந்தா ஹோஸ்ட்நேம் சரிபார்ப்பை அணைக்கிற வேலையும் வேண்டாம். ஸ்டேஜிங்ல அணைச்சது அப்படியே ப்ரொடக்ஷனுக்கு நடந்து போனதை என் கண்ணால பார்த்திருக்கேன்.

மழைக்காலத் தவளை

எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு நிலவரம்:

ரூட்டிங் சரியா போகுது. டெஸ்ட்டை மாத்தி எழுதினேன். லோக்கல்ல ரெண்டு போர்ட்ல ரெண்டு குட்டி சர்வர், எது எத்தனை செய்தி வாங்குச்சுனு எண்ணுது. கான்டெக்ஸ்ட்ல என்ன எழுதியிருக்குனு பார்க்கறதே இல்ல.

நேத்து ஒரு ஒத்திகை. பழைய சர்வர் ஒரு நாள் நிக்கத்தானே போகுதுனு ஸ்டேஜிங்ல அதை மறிச்சுட்டு, எல்லா எண்ணையும் புதுசுக்குத் திருப்பி, அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் பண்ணினேன். ஸ்டார்ட்டே ஆகலை! ஒரு செய்திகூட அனுப்பாத அப்ளிகேஷன் பழைய சர்வரைத் தேடிக்கிட்டு நிக்குது.

பழையபாக்கம்

டபிள்யூஎஸ்டிஎல்.

மழைக்காலத் தவளை

அதேதான் அண்ணே. ஜெனரேட் ஆன சர்வீஸ் கிளாஸ்ல டபிள்யூஎஸ்டிஎல் இருக்கிற இடம்னு பழைய சர்வரோட யூஆர்எல் பொறிச்சிருக்கு. சர்வீஸ் ஆப்ஜெக்ட் உருவாகும்போதே அதைப் போய் இறக்குது. இன்டர்செப்டர் செய்தியைத்தான் திருப்பும், இதைத் திருப்பாது. ஃபைலை ஜாருக்குள்ள போட்டு அங்கேருந்து படிக்க வெச்சேன். அப்பவும் நின்னுது. உள்ளே ஒரு எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல் வடிவத்தைச் சொல்ற கோப்பு) இம்போர்ட், அதுவும் பழைய சர்வர் முகவரியோட. அதையும் இறக்கிப் பக்கத்துல வெச்சு வரியைத் திருத்தினேன். இப்போ பழைய சர்வர் செத்தாலும் எழுந்து நிக்குது.

நாற்பது வரி ஹேண்ட்லரை இன்னைக்கு அழிச்சாச்சு. இன்டர்செப்டர் பதினெட்டு வரி. நாளைக்கு ப்ரொடக்ஷன். இழையைத் தீர்ந்ததுனு குறிச்சிடறேன், எல்லாருக்கும் நன்றி.

நெட்வொர்க் நாயகம்

தம்பி, ஒரு நிமிஷம். ப்ரொடக்ஷன் மெஷின்லேருந்து புது சர்வருக்கு ஃபயர்வால் திறந்திருக்கா? ஜாவா 8 ஓடின மெஷினுக்குத் திறந்திருக்கும். 17-க்குனு புது மெஷின் வாங்கியிருப்பீங்களே?

மழைக்காலத் தவளை

டிக்கெட் போட்டுட்டு வர்றேன்.